இத்தாலிய வினைச்சொல்லில் அழுத்தம் எங்கே விழும்?

நீங்கள் கேட்டது இது: 'அவர்கள் பேசுகிறார்கள்' என்பதை வகுப்பில் 'பர்லானோ' என்று நடுவில் இழுத்துச் சொன்னேன், தவறு என்றார்கள். ஆனால் 'நாங்கள் பேசுகிறோம்' என்னும்போது நடு அசையில்தான் அழுத்த வேண்டுமாம். எழுத்தில் எந்தக் குறியும் இல்லை. இதற்கு விதி உண்டா, இல்லை ஒவ்வொன்றாக மனப்பாடம்தானா? கூடவே, 'இ' வரும் வினைகளில் அசையை எப்படிப் பிரிப்பது?

விதி உண்டு. பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும், மிச்சம் மட்டும்தான் மனப்பாடம். இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாடநூல்கள் 'ஒழுங்கற்ற வினை' என்று தனிப் பட்டியலாகத் தருகிற பல வடிவங்கள் அழுத்தம் இடம் மாறியதால் பிறந்தவை. அழுத்தத்தைப் பிடித்துவிட்டால் அந்தப் பட்டியலில் பாதி தானாகவே புரியும்.

தமிழ் எழுத்தில் எழுதிக்காட்ட ஒரு முறை வைத்துக்கொள்வோம். அசைகளுக்கு நடுவில் சிறுகோடு, அழுத்தம் விழும் அசை சதுர அடைப்புக்குள். அழுத்தம் பெற்ற உயிர் உண்மையிலேயே நீளும் இடத்தில் நெடில், மற்ற எல்லா இடத்திலும் குறில். 'பேசுகிறேன்' என்பது [பர்]-லொ, 'பேசுதல்' என்பது பர்-[லா]-ரெ. வல்லின எழுத்து ஒலிப்புடையதா இல்லையா என்பதைத் தமிழ் எழுத்து காட்டாது, அதை உங்கள் பாடநூலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் எ-ஏ, ஒ-ஓ வேறுபாடு நமக்குக் கைகொடுக்கிறது. அதற்கு இன்றைய எழுத்து வடிவத்தைத் தந்தவர் என்று சொல்லப்படும் வீரமாமுனிவர், 1680-இல் இத்தாலியின் கஸ்திலியோனெயில் பிறந்தவர் என்பது பொருத்தமான தற்செயல்.

ஏன் நெடில்-குறில் பற்றி இவ்வளவு பேசுகிறேன் என்றால், நம் சிக்கலே அங்கேதான். தமிழில் நீளம் பொருளை மாற்றும்: படு வேறு, பாடு வேறு. சொல்லுக்குள் அழுத்தம் எங்கே என்பது பொருளை மாற்றாது. இத்தாலியனில் நிலைமை தலைகீழ். அழுத்தம் பொருளை மாற்றும், நீளம் அதன் பின்னால் வரும் விளைவு மட்டுமே. அழுத்தம் பெற்ற அசை உயிரில் முடிந்தால், அது சொல்லின் கடைசி அசையாகவும் இல்லாவிட்டால், அந்த உயிர் நீளும். மெய்யில் முடிந்தால் நீளாது. [பர்]-லொ என்பதில் முதல் அசை மூடியது, அதனால் குறில்தான். நம் காது நீளத்தைத் தேடிப் பழகியது. முதலசையில் நீளம் கிடைக்காததால் வாய் தானாகவே அடுத்த அசையை நீட்டுகிறது. நீங்கள் 'பர்லானோ' என்று சொன்னது இப்படித்தான் நடந்திருக்கும். சரியானது [பர்]-ல-னொ. பர் மேல் எடுப்பு, பின் இரண்டும் சட்டென்று விழ வேண்டும்.

கடைசி அசையில் அழுத்தம் வந்தால் உயிர் குறிலாகவே நிற்கும். 'பேசினார்' என்பது பர்-[லொ]. அந்த ஒகரத்தை ஓகாரமாக இழுக்கக் கூடாது, குட்டையாக, ஓங்கிச் சொல்லி நிறுத்த வேண்டும். இத்தாலிய எழுத்தில் அழுத்தக்குறி கட்டாயமாக வரும் இடமும் கிட்டத்தட்ட இது ஒன்றுதான்: ஒன்றுக்கு மேற்பட்ட அசையுள்ள சொல்லின் கடைசி உயிர். [பர்]-லொ 'பேசுகிறேன்', பர்-[லொ] 'பேசினார்', இரண்டுக்கும் எழுத்தில் வேறுபாடு அந்தக் குறி ஒன்றே. ஓரசைச் சொற்களில் சிலவற்றுக்கு மட்டும் குழப்பம் தவிர்க்கக் குறி உண்டு. 'இருக்கிறது' என்னும் எ குறியோடு வரும், 'மற்றும்' என்னும் எ குறியில்லாமல் வரும்.

இனி அசை பிரித்தல். யாப்பில் படித்த நேரசை, நிரையசையை இங்கே மறந்துவிடுங்கள். ஓர் உயிர் அல்லது ஓர் இணையுயிர் (ஒரே மூச்சில் சேர்ந்தொலிக்கும் இரண்டு உயிர்கள்), ஓர் அசை. தனி மெய் அடுத்த உயிரோடு சேரும்: வெ-[தே]-ரெ, 'பார்த்தல்'. இரட்டித்த மெய் நடுவில் உடையும்: [லெஜ்]-ஜெ-ரெ, 'படித்தல்'. ல், ர், ம், ன் இவற்றின் பின் வேறு மெய் வந்தால் அங்கே உடையும்: [கன்]-தொ, 'பாடுகிறேன்'. வேறு மெய்க்குப் பின் ல் அல்லது ர் வந்தால் இரண்டும் சேர்ந்தே அடுத்த அசைக்குப் போகும்: [ஆ]-ப்ரொ, 'திறக்கிறேன்'.

தகராறு ஸகரத்தில்தான். பள்ளிக்கூட இலக்கணப்படி ஸகரமும் பின்வரும் மெய்யும் பிரியாமல் அடுத்த வரிக்குப் போக வேண்டும். 'முடிக்கிறேன்' என்பதை ஃபி-னி-ஸ்கொ என்று பிரிக்கச் சொல்வார்கள். ஆனால் காதால் கேட்டால் ஃபி-[னிஸ்]-கொ தான். நடு உயிர் நீளாமல் குறிலாகவே இருப்பது அந்த அசை மூடியது என்பதற்குச் சாட்சி. வரி உடைக்கும்போது பள்ளி விதி, பேசும்போது காது. இங்கே நான் காதின் பக்கம் இருக்கிறேன்.

சரி, நிகழ்காலத்துக்கு வருவோம். விஷயத்தின் இதயம் இது. ஆறு வடிவங்களில் நான், நீ, அவர், அவர்கள் ஆகிய நான்கிலும் அழுத்தம் வினையடியில் விழும். நாங்கள், நீங்கள் என்ற இரண்டில் மட்டும் விகுதிக்குத் தாவும். [பர்]-லொ, [பர்]-லி, [பர்]-ல, பர்-[லியா]-மொ, பர்-[லா]-தெ, [பர்]-ல-னொ. 'அவர்கள்' வடிவத்தில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். அதைத் தனி வடிவமாக நினைக்காதீர்கள். 'அவர்' வடிவத்தைச் சொல்லி, பின்னால் அழுத்தமில்லாத னொவை ஒட்டுங்கள்: [பர்]-ல, [பர்]-ல-னொ. [லெஜ்]-ஜெ, 'படிக்கிறார்' என்பது [லெக்]-கொ-னொ ஆகும்போது மெய்யும் உயிரும் மாறினாலும் அழுத்தம் அசையாது.

ஒருமையில் அழுத்தம் ஏற்கெனவே கடைசியிலிருந்து மூன்றாம் அசையில் இருக்கும் நீண்ட வினைகளில் இது வேடிக்கையாகிவிடும். 'வசிக்கிறேன்' [ஆ]-பி-தொ. 'வசிக்கிறார்கள்' [ஆ]-பி-த-னொ. அழுத்தத்துக்குப் பின் மூன்று அசைகள் சரசரவென்று உருள வேண்டும். தெ-[லே]-ஃபொ-ன, 'தொலைபேசியில் அழைக்கிறார்', தெ-[லே]-ஃபொ-ன-னொ ஆகும். பெயர்ச்சொற்களில் இவ்வளவு பின்தள்ளிய அழுத்தம் அரிது, வினைகளில் அன்றாடம் வரும். கடைசி அசையில் அழுத்தமுள்ள சொல்லை த்ரொங்கா, கடைசிக்கு முன்னசையில் உள்ளதை பியானா, அதற்கும் முன்னசையில் உள்ளதை ஸ்த்ருச்சொலா, இன்னும் ஒன்று தள்ளிப் போனதை பிஸ்த்ருச்சொலா என்பார்கள். பெயர்கள் முக்கியமில்லை, ஆனால் இத்தாலிய இலக்கண நூலைத் திறந்தால் முதலில் இவைதான் கண்ணில் படும்.

இந்த நான்கு-இரண்டு பிளவை மனதில் வைத்துக்கொண்டு 'ஒழுங்கற்ற' வினைகளைப் பாருங்கள். 'வருகிறாய்' [வியே]-னி, 'வருகிறோம்' வெ-[னியா]-மொ. 'உட்காருகிறேன்' [ஸியே]-தொ, 'உட்காருகிறோம்' ஸெ-[தியா]-மொ. 'சாகிறேன்' [முவோ]-யொ, 'சாகிறோம்' மொ-[ரியா]-மொ. லத்தீனில் குறிலாக இருந்த எகரமும் ஒகரமும், அழுத்தம் பெற்ற திறந்த அசையில் இருந்தபோது இணையுயிராக விரிந்தன. அழுத்தம் நகர்ந்த வடிவங்களில் பழையபடியே நின்றுவிட்டன. 'வருகிறேன்' ஏன் [வெங்]-கொ, அழுத்தம் இருந்தும் ஏன் இணையுயிர் இல்லை என்றால், அந்த அசை மூடியது. 'வெளியே போகிறேன்' [எஸ்]-கொ, 'போகிறோம்' உஷ்-[ஷா]-மொ. 'கேட்கிறேன்' [ஓ]-தொ, 'கேட்கிறோம்' உ-[தியா]-மொ. 'போதல்' என்னும் வினையில் இரண்டு வேறு லத்தீன் அடிகள் கலந்திருக்கின்றன. அங்கும் பங்கீடு இதே கோட்டில்தான்: [வா]-தொ, 'போகிறேன்', ஆனால் அன்-[தியா]-மொ, 'போகிறோம்'.

எனக்கு மிகவும் பிடித்த சான்று ஃபி-[னீ]-ரெ, 'முடித்தல்' வகை வினைகள். அவற்றில் நான், நீ, அவர், அவர்கள் ஆகிய நான்கு வடிவங்களில் மட்டும் நடுவில் ஓர் 'இஸ்க்' நுழையும்: ஃபி-[னிஸ்]-கொ, ஃபி-[னிஷ்]-ஷி, ஃபி-[னிஷ்]-ஷெ, ஃபி-[னிஸ்]-கொ-னொ. நாங்கள், நீங்கள் வடிவங்களில் அது கிடையாது: ஃபி-[னியா]-மொ, ஃபி-[னீ]-தெ. ஏன் அந்த நான்கில் மட்டும்? அந்த நான்கில்தான் அழுத்தம் அடியில் விழுந்திருக்கும். 'இஸ்க்' நடுவில் புகுந்து அந்த அழுத்தத்தைத் தான் வாங்கிக்கொள்வதால், ஆறு வடிவங்களிலும் அடி அழுத்தமில்லாமல் ஒரே மாதிரி நிற்கிறது. பாடநூல்கள் இதை விளக்கமே இல்லாத ஒரு செருகலாகக் காட்டிவிட்டுப் போவது எனக்குப் புரிவதேயில்லை.

அடுத்து, மனப்பாடம் தேவைப்படும் இடம். அழுத்தம் அடியில் விழும் என்றோம். அடிக்கே இரண்டு மூன்று அசை இருந்தால் எந்த அசையில்? 'நான்' வடிவத்தில் கடைசிக்கு முன்னசை மூடியதாக இருந்தால் கிட்டத்தட்ட எப்போதும் அங்கேதான்: ரி-[கொர்]-தொ 'நினைவுகூர்கிறேன்', அஸ்-[கொல்]-தொ 'கவனித்துக் கேட்கிறேன்'. திறந்ததாக இருந்தால் இரண்டு வாய்ப்பும் உண்டு. ல-[வோ]-ரொ 'வேலை செய்கிறேன்', ப்ரெ-[பா]-ரொ 'தயாரிக்கிறேன்', கம்-[மீ]-னொ 'நடக்கிறேன்' ஒரு பக்கம். தி-[மென்]-தி-கொ 'மறக்கிறேன்', இம்-[மா]-ஜி-னொ 'கற்பனை செய்கிறேன்', [வீ]-ஸி-தொ 'பார்வையிடுகிறேன்' மறு பக்கம். பெரும்பாலும் லத்தீனில் அந்த உயிர் நெடிலா குறிலா என்பதன் எச்சம் இது. நெடிலாக இருந்தால் அழுத்தம் அங்கே, குறிலாக இருந்தால் ஓரசை முன்னால். இன்றைய இத்தாலியனில் அந்த நீளம் அழிந்துவிட்டதால் சொல்லைப் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை.

கொஞ்சம் உதவி உண்டு. உறவுள்ள பெயர்ச்சொல் தெரிந்தால் பல நேரம் அதுவே வழிகாட்டும்: 'ஒழுங்கு' [ஒர்]-தி-னெ, 'ஆர்டர் செய்கிறேன்' [ஒர்]-தி-னொ. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. 'ஆசை' தெ-ஸி-[தே]-ரியொ, 'ஆசைப்படுகிறேன்' தெ-[ஸீ]-தெ-ரொ. அதனால்தான் தெ-[ஸீ]-தெ-ரி என்றால் 'ஆசைப்படுகிறாய்', தெ-ஸி-[தே]-ரி என்றால் 'ஆசைகள்', எழுத்து இரண்டுக்கும் ஒன்றே. இன்னொரு உதவி, சில நீண்ட விகுதிகள் பிசகாமல் நடக்கும். இ-ஃபி-கா-ரெ என்று முடியும் வினைகளெல்லாம் [ஈ]-ஃபி-கொ என்றே வரும்: ஸிஞ்-[ஞீ]-ஃபி-க, 'பொருள்படுகிறது'. எஜ்-ஜா-ரெ வகை [எஜ்]-ஜொ: பர்-[கெஜ்]-ஜொ, 'வண்டியை நிறுத்துகிறேன்'.

அழுத்தம் மாறினால் பொருள் மாறும் என்பதற்கு இத்தாலியர்களே சொல்லிக்காட்டும் புகழ்பெற்ற மூவர் கூட்டம் ஒன்று உண்டு. [கா]-பி-த-னொ 'நேர்கின்றன', க-பி-[தா]-னொ 'தலைவன்', க-பி-த-[னொ] 'தலைமை தாங்கினான்'. இன்னொரு ஜோடி தினமும் தேவைப்படும்: [பெர்]-தொ-னொ 'இழக்கிறார்கள்', பெர்-[தோ]-னொ 'மன்னிக்கிறேன்'. நீங்கள் நடு அசையை இழுக்கும் பழக்கத்தை விடாவிட்டால், ஒரு கால்பந்து அணி தோற்கிறது என்று சொல்லப் போய் மன்னிப்பு வழங்கிவிட்டு வருவீர்கள்.

வினையின் அகராதி வடிவத்தில் ஆரெ, ஈரெ இரண்டும் எப்போதும் விகுதியில் அழுத்தம் பெறும்: தொர்-[மீ]-ரெ, 'தூங்குதல்'. எரெ மட்டும் இரண்டாகப் பிரியும். சிறுபான்மை அ-[வே]-ரெ, ஸ-[பே]-ரெ, க-[தே]-ரெ போல விகுதியில். பெரும்பான்மை [ப்ரென்]-தெ-ரெ, [ஸ்க்ரீ]-வெ-ரெ, [எஸ்]-ஸெ-ரெ போல அடியில். லத்தீனின் இரண்டாம், மூன்றாம் வாய்பாடுகள் (வினை திரியும் வகைகள்) இங்கே கலந்துவிட்டன. சில கட்சி மாறியும் இருக்கின்றன: 'சிரித்தல்' லத்தீனில் விகுதியழுத்தம், இத்தாலியனில் [ரீ]-தெ-ரெ. 'விழுதல்', அதாவது க-[தே]-ரெ, இதற்கு நேர்மாறாகத் தாவியது. விகுதியழுத்தச் சிறுபான்மையை மட்டும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பார்த்தல், உடைத்தாயிருத்தல், இயலுதல், விரும்புதல், வேண்டியிருத்தல், தங்குதல் என்று பெரும்பாலும் அடிக்கடி புழங்கும் வினைகள்தான். நிகழ்காலத்தில் இந்தப் பிரிவு மறைந்துவிடும்: [வே]-தொ, [ப்ரென்]-தொ, இரண்டிலும் அடியில்தான்.

மற்ற காலங்கள் எளிது, விகுதியிலேயே அழுத்தம் இருப்பதால் மனதில் ஒருமுறை பதிந்தால் போதும். 'பேசிக்கொண்டிருந்தேன்' பர்-[லா]-வொ, 'பேசிக்கொண்டிருந்தோம்' பர்-ல-[வா]-மொ, 'பேசிக்கொண்டிருந்தார்கள்' பர்-[லா]-வ-னொ. இங்கே நாங்கள் வடிவத்தில் அழுத்தம் கடைசியை நோக்கி ஓரசை நகர்கிறது. ஆனால் 'நாங்கள் பேசுவதாக இருந்தால்' என்பதற்கான வடிவம் பர்-[லஸ்]-ஸி-மொ, நகராது. இந்த இரண்டையும் குழப்பாதவர் குறைவு. 'பேசினார்கள்' பர்-[லா]-ரொ-னொ.

எதிர்காலத்தில் 'பேசுவார்கள்' பர்-லெ-[ரன்]-னொ. இது மட்டும் ஏன் நம் னொ விதிக்கு அடங்கவில்லை? இத்தாலிய எதிர்காலம், அகராதி வடிவத்தோடு 'உடைத்தாயிருத்தல்' என்ற துணைவினையின் நிகழ்காலம் ஒட்டிப் பிறந்தது. அதன் 'அவர்கள்' வடிவம் [அன்]-னொ. அழுத்தம் அந்தத் துணைவினையில் நின்றுவிட்டது. அதனால்தான் பர்-லெ-[ரொ], 'பேசுவேன்' என்பதும் கடைசியசையில் குறியோடு முடிகிறது. இதில் தமிழர்களுக்கு ஒரு லாபமும் உண்டு. பர்-லெ-[ரே]-மொ 'பேசுவோம்', பர்-லெ-[ரெம்]-மொ '(வாய்ப்பிருந்தால்) பேசுவோமே' என்ற நிபந்தனை வடிவம். வேறுபாடு ஒரு மகரம் மட்டுமே. இரட்டை மெய் இல்லாத மொழி பேசுபவர்கள் இங்கே தவிப்பார்கள். அம்மாவையும் ஆமாவையும் பிரித்துக் கேட்டுப் பழகிய நமக்கு இது ஒன்றுமேயில்லை.

இனி 'இ' வரும் வினைகள். [மன்]-ஜொ, 'சாப்பிடுகிறேன்' என்பதில் எழுதப்படும் இகரம் ஒலிப்பதேயில்லை, முன்னுள்ள மெய்யை ஜகரமாகப் படி என்று காட்டும் அடையாளம் அவ்வளவுதான். எனவே இரண்டு அசை, 'சாப்பிடுகிறார்கள்' [மன்]-ஜ-னொ மூன்று. [ஸ்தூ]-தியொ, 'படிக்கிறேன்' என்பதில் இகரம் யகரச் சாயலோடு ஒலிக்கும், ஆனால் தனி அசை ஆகாது. அதுவும் இரண்டசைதான், 'படிக்கிறார்கள்' [ஸ்தூ]-திய-னொ. 'அனுப்புகிறேன்' என்பதில் மட்டும் அந்த இகரமே அழுத்தம் வாங்குகிறது: இன்-[வீ]-ஒ, மூன்றசை. 'அனுப்புகிறார்கள்' இன்-[வீ]-அ-னொ. இந்த வேறுபாடு எழுத்துக்கூட்டலையே ஆள்கிறது. 'நீ' வடிவத்தில் அழுத்தமில்லாத இகரம் விகுதி இகரத்தோடு ஒன்றாகிவிடும்: [ஸ்தூ]-தி, ஒரே இ எழுதினால் போதும். அழுத்தம் பெற்ற இகரம் விட்டுக்கொடுக்காது: இன்-[வீ]-இ, இரண்டு இ எழுத வேண்டும். 'பனிச்சறுக்குகிறாய்', 'உளவு பார்க்கிறாய்' இரண்டும் இதே வகை. எங்கே ஒன்று, எங்கே இரண்டு என்று பட்டியல் போடத் தேவையில்லை. 'நான்' வடிவத்தைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், விடை வந்துவிடும்.

வினையோடு ஒட்டும் 'எனக்கு', 'அதை' போன்ற சிறு சொற்கள் அழுத்தத்தைத் தொடவே தொடாது. [பர்]-ல-மி 'என்னிடம் பேசு', தெ-[லே]-ஃபொ-ன-மி 'எனக்குப் ஃபோன் பண்ணு'. அகராதி வடிவத்தோடு ஒட்டும்போது அதன் கடைசி உயிர் விழும், அழுத்தம் இருந்த இடத்திலேயே இருக்கும். வெ-[தெர்]-லொ 'அதைப் பார்த்தல்', ஆனால் [ப்ரென்]-தெர்-லொ 'அதை எடுத்தல்'. எரெ வினைகளின் இரு கட்சிகள் மறுபடி இங்கே முகம் காட்டும். இரண்டு ஒட்டுகள் சேர்ந்தால் கொ-[மூ]-னி-க-மெ-லொ, 'அதை எனக்குத் தெரிவி' என்று அழுத்தத்துக்குப் பின் நான்கு அசைகள் ஓடும். மூச்சு வாங்காமல் சொல்லிப் பழகுங்கள்.

சந்தேகம் வந்தால் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ட்ரெக்கானி அகராதியைப் பாருங்கள். வினையின் அகராதி வடிவத்துக்குப் பக்கத்திலேயே 'நான்' வடிவத்தை அழுத்தக்குறியோடு போட்டிருப்பார்கள். அந்த ஒன்று தெரிந்தால் நிகழ்காலத்தின் மற்ற மூன்று அடியழுத்த வடிவங்களும் தெரிந்த மாதிரி. எனவே குறிப்பேட்டில் வினையை எழுதும்போது அகராதி வடிவத்தோடு 'அவர்கள்' வடிவத்தையும் எழுதி, அழுத்தத்தைச் சிவப்பில் குறித்துவிடுங்கள். 'நான்' வடிவத்தைவிட இதுதான் கடினம், இது வாயில் படிந்தால் அதுவும் தானே வரும். உச்சரிப்புக்கென்றே இத்தாலிய ஒலிபரப்பு நிறுவனமான ராய் 1969-இல் முதலில் வெளியிட்ட அகராதியும் உண்டு, அதுவும் இணையத்தில் இருக்கிறது. அங்கே தேடும்போது 'பிரிக்கிறேன்' போன்ற சில வினைகளுக்கு ஸெ-[பா]-ரொ, [ஸே]-ப-ரொ என்று இரண்டு உச்சரிப்புகளைப் பார்ப்பீர்கள். இரண்டும் செல்லும், உங்கள் ஆசிரியர் எதைச் சொல்கிறாரோ அதையே சொல்லுங்கள்.